பதற்றம் தெரிந்ததும் கேள்வியை நிறுத்தாதீர்கள்: ஏடிஎச்டி விஷயத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உளவியல் படிப்பை முடித்துவிட்டுப் பயிற்சிக்கு வருபவர்களின் கேஸ் ஷீட்டுகளைப் பார்த்துத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. ஏடிஎச்டி என்பது கவனத்தை நிறுத்துவதையும் அமைதியாக இருப்பதையும் சின்ன வயதிலிருந்தே கஷ்டமாக்கும் ஒரு நிலை. அதைக் கண்டுபிடிப்பதில் தொடக்கத்தில் நான் செய்த அதே தவறுகளைப் புதிதாக வருகிறவர்களும் செய்கிறார்கள். வீட்டில் கணவன், மனைவி, பெற்றோர் செய்வதும் கிட்டத்தட்ட இவைதான் என்பதால் எல்லோருக்குமாக எழுதுகிறேன். ரீல்ஸ் பார்த்துவிட்டு முடிவு கட்டாதீர்கள் என்பது போன்ற அறிவுரைகளை ஏற்கெனவே நிறையக் கேட்டிருப்பீர்கள். அதற்குள் நான் போகவில்லை.

“மூணு மணி நேரம் அசையாம படம் பாக்குறானே!”

பெற்றோர் இப்படிச் சொன்னதும் ‘கவனம் நன்றாக உள்ளது’ என்று எழுதிவிடுகிறார்கள். ஏடிஎச்டி உள்ளவருக்குக் கவனமே இருக்காது என்று நினைப்பதால் வரும் குழப்பம் இது. அவர்களுக்குக் கவனத்தை வேண்டிய இடத்தில் வைப்பது கஷ்டம், ஒட்டிக்கொண்ட இடத்திலிருந்து எடுப்பதும் கஷ்டம். கிரிக்கெட் ஓடினால் சாப்பிடக் கூப்பிடுவது காதில் விழாது. அதே பையன் வீட்டுப்பாட நோட்டில் தேதியை எழுதிவிட்டு, பென்சில் சீவ எழுந்து போய்ப் பால்கனியில் நின்றுகொண்டிருப்பான். சலிப்பான வேலையில் என்ன ஆகிறது என்று கேளுங்கள். சினிமா பார்ப்பதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது.

பெண் பிள்ளைகள் இன்னும் அதிகமாக விட்டுப்போகிறார்கள். வகுப்பில் ஓடாமல், யாருக்கும் தொந்தரவு தராமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் பெண்ணை யார் அழைத்து வரப்போகிறார்கள்? வேலைக்குப் போய், கல்யாணமாகி, தூக்கம் கெட்டுப் படபடப்பு வந்த பிறகுதான் அவர்களே வருகிறார்கள்.

பதற்றத்தோடு நிறுத்திக்கொள்வது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்குக் கோபம் வருவது இதில்தான். வருகிறவர் ‘படபடப்பு’ என்கிறார், ‘தூக்கமில்லை’ என்கிறார், ‘எதையும் நாலு தடவை செக் பண்றேன்’ என்கிறார். உடனே பதற்றக் கோளாறு என்று எழுதி ஷீட்டை மூடிவிடுகிறார்கள். எழுதியது பொய்யும் இல்லை, பதற்றம் இருக்கத்தான் செய்கிறது. அது எதற்காக இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

ஒரு பெண் வந்தார். அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஒரு கம்பெனியின் கணக்குப் பிரிவில் வேலை. போன் கேலரியைத் திறந்து காட்டினார். வரிசையாக அடுப்புப் படங்கள். காஸை அணைத்துவிட்டோமா என்று பஸ்ஸில் சந்தேகம் வரும், அப்போது பார்த்துக்கொள்ளத் தினமும் காலையில் ஒரு படம். காலை அலாரங்களுக்குப் பெயர் வைத்திருந்தார்: ‘குளி’, ‘கிளம்பு’, ‘இன்னும் கிளம்பலையா’. உள்ளங்கையில் பால்பாயிண்டில் எழுதிய இரண்டு வரி வேர்வையில் பாதி அழிந்திருந்தது.

அவர் ஏற்கெனவே வேறோர் இடத்தில் சிகிச்சை எடுத்தவர். பதற்றத்துக்கான வழக்கமான முறைதான்: சரிபார்ப்பதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறையுங்கள், பயந்தது நடக்காது என்று மனசுக்குப் பழகிவிடும் என்றார்கள். சொன்னதை அப்படியே செய்தார். படம் எடுப்பதை விட்டார், அலாரங்களை அழித்தார், சீட்டுகளைக் கிழித்துப் போட்டார். அப்புறம், மாதாமாதம் 20-ஆம் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டிய ஜிஎஸ்டி கணக்கை மறந்துவிட்டார். கம்பெனி தாமதக் கட்டணம் கட்டியது, மேலாளர் எல்லோர் முன்னாலும் கத்தினார். பால் பாத்திரம் கருகியது. ‘சிகிச்சைக்கும் நான் லாயக்கில்லை’ என்ற நினைப்போடுதான் என்னிடம் வந்தார்.

நான் கேட்டது ஒன்றுதான்: “செக் பண்ணாம விட்டப்போ, நீங்க பயந்தது எப்பவாவது நிஜமாவே நடந்திருக்கா?”

“நிறைய தடவை மேடம். அதனாலதானே பயப்படுறேன்.”

இந்தப் பதிலைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார வேண்டும். வெறும் பதற்றம் உள்ளவர் பெரும்பாலும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் போயிருப்பார், ஆனாலும் மனசு நம்பாது. ஏடிஎச்டி உள்ளவர் நிஜமாகவே அணைக்க மறந்திருப்பார், சாவியை வண்டியிலேயே விட்டிருப்பார், கடைசித் தேதியைத் தவறவிட்டிருப்பார். அந்தப் பழைய அடிகள் சேர்ந்துதான் பதற்றமாகியிருக்கும். அந்தப் பதற்றமும் அலாரமும் சீட்டும், குலை தள்ளிய வாழைக்குக் கொடுத்த முட்டு போல அவரைத் தாங்கி நிற்கும். வேறு ஏற்பாடு செய்யாமல் அதை எடுக்கச் சொன்னால் மனிதர் சாய்ந்துவிடுவார்.

அடுத்து சின்ன வயதைப் பற்றிக் கேட்க வேண்டும். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 என்ற, மனநலக் கோளாறுகளைக் கண்டறிய உதவும் கையேட்டின்படி, அறிகுறிகளில் பலவும் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி, வேலை என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களிலும் தெரிய வேண்டும். ‘ஆறு மாசமாத்தான் இப்படி’ என்றால் வேறு காரணத்தைத் தேடுங்கள். ‘நான் எப்பவுமே இப்படித்தான்’ என்றால் அம்மாவை அழைத்து வரச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் அம்மா பழைய ரேங்க் கார்டுகளை மஞ்சள் பையில் கொண்டுவந்தார். நல்ல மதிப்பெண்கள்தான். குறிப்புப் பகுதியில் மட்டும் வகுப்புக்கு வகுப்பு வேறு வேறு கையெழுத்தில் அதே விஷயம்: கவனம் தேவை, கவனக்குறைவு, நினைத்தால் இன்னும் நன்றாகச் செய்யலாம். “குடை, டிபன் பாக்ஸ் மூடி, ஜாமெட்ரி பாக்ஸ்... இவ தொலைக்காத பொருளே இல்லீங்க. தலையை ஒட்டி வச்சிருக்கறதால அது தப்பிச்சுது” என்றார். இந்த ரேங்க் கார்டைக் கேட்டு வாங்க அரைமணி நேரம்கூட ஆகாது. அதைக் கேட்காததால் ஒரு பெண் ஆண்டுக்கணக்கில் தன்னையே திட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள்.

இரண்டும் சேர்ந்து வருவது அபூர்வமும் இல்லை. 2006-இல் வெளியான அமெரிக்கத் தேசிய ஆய்வு ஒன்றில், ஏடிஎச்டி உள்ள பெரியவர்களில் சுமார் 47 சதவீதம் பேருக்குப் பதற்றக் கோளாறும் இருந்தது. ஆகவே ‘இதுவா அதுவா’ என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் அவசரம் வேண்டாம்.

கேள்வித்தாள் மதிப்பெண்ணைத் தீர்ப்பாக்குவது

ஜிஏடி-7 என்ற பதற்றக் கேள்வித்தாளில் 21-க்கு 10 வந்தால் மேற்கொண்டு விசாரிக்க வேண்டும் என்று அர்த்தம், அவ்வளவுதான். அது கேட்பது கடந்த இரண்டு வாரத்தைப் பற்றி மட்டுமே. அமைதியாக உட்கார முடியாத தவிப்பைப் பற்றியும் அதில் ஒரு கேள்வி உண்டு. ஏடிஎச்டி உள்ளவரும் அதில் ‘தினமும்’ என்று டிக் அடிப்பார். ஏடிஎச்டி கேள்வித்தாளிலோ, கவலையில் மூழ்கியவரும் ‘கவனம் நிற்பதில்லை’ என்றுதான் குறிப்பார். மனசு அப்போது எங்கே போகிறது என்று வாய்விட்டுக் கேளுங்கள். கவலையில் இருப்பவரின் மனசு அதே கடனையும் அதே ரிசல்ட்டையும் சுற்றிச்சுற்றி வரும். ஏடிஎச்டியில் மின்விசிறிச் சத்தத்திலிருந்து நேற்றைய பாட்டுக்குப் போய், அங்கிருந்து வேறெங்கோ தாவியிருக்கும்.

உடம்பை மறப்பது

தைராய்டு, ரத்தசோகை, தூக்கத்தில் மூச்சு தடைபடுவது. இவற்றாலும் இதே போன்ற தொல்லைகள் வரலாம், முதலில் இவற்றைப் பாருங்கள்.

மாத்திரை கேட்டதா என்று பார்த்து முடிவு செய்வது

ஏடிஎச்டிக்குக் கொடுக்கும் ஊக்கி வகை மருந்து, அது இல்லாதவரின் கவனத்தையும் ஓரளவு கூட்டும். அதனால் ‘கேட்டது, அப்போ அதுதான்’ என்பது செல்லாது. நண்பரின் மாத்திரையை வாங்கிப் போடுவது ஆபத்து. மனநல மருத்துவர் பார்த்துத்தான் கொடுக்க வேண்டும்.

சோம்பேறி, பொறுப்பில்லாதவன்

கேஸ் ஷீட்டிலும் எழுதாதீர்கள், வீட்டிலும் சொல்லாதீர்கள்.

பாதியை மட்டும் சொல்லிவிட்டு வருவது

இது உதவி தேடிப் போகிறவர்களுக்கு. எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 14416-க்கு அழையுங்கள். அது அரசின் டெலி-மானஸ் எண். இலவசம், தமிழில் பேசலாம். மருத்துவரைப் பார்க்கும்போது படபடப்பை மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பாதீர்கள். பள்ளி நாளில் எதையெல்லாம் தொலைத்தீர்கள், இப்போது மறக்காமல் இருக்க என்னென்ன செய்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக் கையோடு கொண்டுபோங்கள். அவர் கேட்காவிட்டாலும் எடுத்துக் கொடுங்கள்.