பள்ளியை நவீனக் கற்றலுக்கு மாற்றத் திட்டமிடுவது எப்படி? டர்பன் பெற்றோருக்கும் ஆசிரியர்களுக்கும் ஒரு செய்முறை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரப் பள்ளிகளில் பிள்ளைகளைப் படிக்கவைக்கும் தமிழ்ப் பெற்றோருக்கும், இங்கே வந்து பாடம் நடத்தும் நம் ஊர் ஆசிரியர்களுக்கும் இதை எழுதுகிறேன். பள்ளியின் ஆளுகைக் குழுவில், அதாவது எல்லோரும் எஸ்.ஜி.பி. என்று சொல்லும் குழுவில், உங்களைச் சேர்த்துவிட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது கூட்டத்துக்குள் யாராவது ஒருவர் "பக்கத்துப் பள்ளியில் ஸ்மார்ட் போர்டு வந்தாச்சு, நமக்கு எப்போ?" என்று கேட்பார். சட்டப்படி எஸ்.ஜி.பி.யில் ஓட்டுரிமை உள்ள மற்ற எல்லோரையும் கூட்டினால் வருவதைவிடப் பெற்றோர் ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும். ஆகவே பெற்றோர் மனது வைத்தால் அன்றைக்கே தீர்மானம் போட்டுவிடலாம். எனக்குப் பயம் அதில்தான்.

கீழே சாமான் வாங்குவது ஐந்தாவது படியில்தான் வருகிறது. வேண்டுமென்றேதான் அங்கே தள்ளியிருக்கிறேன்.

படி 1: பிள்ளை என்ன செய்யப் போகிறது? ஒரு வரி எழுதுங்கள்

"டிஜிட்டல் திறன்களை வளர்த்தல்" என்பது பேனரில் எழுத நன்றாக இருக்கும், திட்டத்துக்கு உதவாது. நமக்கு வேண்டிய வரி இப்படி இருக்கும்: "கிரேடு 7 பிள்ளைகள் தாங்களே சேகரித்த எண்களைக் கணினி அட்டவணையில் போட்டு, வரைபடம் வரைந்து, அதைக் காட்டிப் பெரியவர்களிடம் ஒரு விஷயத்தைக் கேட்டு வாங்குவார்கள்."

இதற்கு நான் எல்லோருக்கும் சொல்லும் வேலை, பள்ளியின் தண்ணீர் மீட்டர். டர்பனில் தண்ணீர் நின்று போவது யாருக்கும் புதிதில்லை, பில்லும் பள்ளிக் கணக்கில் கனமாகவே வருகிறது. மீட்டரில் கறுப்பு எண்கள் கிலோலிட்டர், சிவப்பு எண்கள் லிட்டர். வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணிக்குப் பள்ளி காலியானதும் இரண்டு பிள்ளைகள் மீட்டரைப் போனில் படம் எடுக்கட்டும். திங்கள் காலை 7 மணிக்கு மறுபடி ஒரு படம். நடுவில் 65 மணி நேரம். யாரும் இல்லாத பள்ளியில் எண் நகரவே கூடாது. 6,500 லிட்டர் ஓடியிருந்தால் மணிக்கு 100 லிட்டர் எங்கோ ஒழுகுகிறது. பெரும்பாலும் கழிப்பறைத் தொட்டியின் வால்வுதான் காரணமாக இருக்கும்.

நான்கு வாரம் இப்படி எடுத்தால் பிள்ளைகள் கையில் அட்டவணை, சூத்திரம், வரைபடம் மூன்றும் வந்துவிடும். அதை வைத்து பிரின்சிபலுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லுங்கள்: வால்வு மாற்ற இவ்வளவு செலவு, மாற்றாவிட்டால் மாதத்துக்கு இவ்வளவு நஷ்டம். தரவைக் கையாளுவது கணிதப் பாடத்திட்டத்திலேயே இருக்கும் பகுதி, ஆகவே புதிதாக எதையும் நுழைக்கத் தேவையில்லை. இதற்கு வேண்டியது நான்கைந்து பழைய மடிக்கணினி, இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் என்னும் அட்டவணை போடும் மென்பொருள், ஒரு போன். இன்டர்நெட்கூட வேண்டாம்.

படி 2: இருப்பதை எண்ணுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகத்தோடு பள்ளியை ஒரு சுற்று சுற்றுங்கள். எந்த அறையில் எத்தனை பிளக், அதில் எத்தனை வேலை செய்கிறது, எந்த அறைக்கு இரும்புக் கதவு, ரவுட்டர் எங்கே, அதன் பாஸ்வேர்டு யாரிடம், அலமாரியில் தூசி படிந்து எத்தனை கணினி கிடக்கிறது. எல்லாப் பள்ளியிலும் அந்த அலமாரி ஒன்று உண்டு. அதில் இருப்பவற்றில் பாதியாவது மெமரி மாற்றி, லினக்ஸ் என்னும் இலவச இயங்குதளத்தைப் போட்டால் எழுந்து நடக்கும்.

படி 3: ஆசிரியரின் நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

திட்டங்கள் செத்துப்போவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கிரேடு 7 முதல் 9 வரை வாரத்துக்கு 27.5 மணி நேரம் பாடம். அதில் கணிதத்துக்கு 4.5, தொழில்நுட்பப் பாடத்துக்கு 2. இந்தக் கணக்கை எஸ்.ஜி.பி. மாற்ற முடியாது. தனியாக "கம்ப்யூட்டர் பீரியட்" என்று ஒன்றை நுழைத்தால் அது இன்னொரு பாடத்தின் வயிற்றில் அடிக்கும், அந்த ஆசிரியர் முதல் நாளே எதிரியாகிவிடுவார். கோடிங், ரோபாட்டிக்ஸ் பாடத்திட்டத்தின் வரைவு 2021-இல் வெளியானதிலிருந்து சில பெற்றோர் அதையே பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். அதற்கு மறுப்பு இல்லை. ஆனால் முதல் ஆண்டில் இருக்கும் பாடத்துக்குள்ளேயே வேலையை வையுங்கள்.

பாடம் நடத்துபவர்களை முன்கூட்டியே கூப்பிட்டுப் பேசுங்கள். எங்கள் பள்ளியில் கணக்கு டீச்சர் அக்கா முதலில் கேட்டது இதுதான்: "தம்பி, இது என் போர்ஷனைச் சீக்கிரம் முடிக்குமா, இன்னும் இழுக்குமா?"

"முதல் டெர்ம் இழுக்கும் அக்கா."

"அப்போ எனக்கு என்ன விட்டுக் கொடுப்பீங்க?"

நியாயமான கேள்வி. ஒரு விளையாட்டு மேற்பார்வையோ, ஒரு தேர்வு அறைக் காவலோ குறைத்துக் கொடுத்தால் வாரத்துக்கு ஒரு மணி நேரம் கிடைக்கும். அந்த ஒரு மணியில் இரண்டு ஆசிரியர்கள் ஒன்றாக உட்கார்ந்து, அடுத்த வாரம் பிள்ளைகள் செய்யப்போவதை முதலில் தாங்களே செய்து பார்க்கணும். கம்பெனிக்காரர் வந்து சனிக்கிழமை அரை நாள் நடத்தும் பயிற்சியில் சமோசா நன்றாக இருக்கும், திங்கட்கிழமை வகுப்பில் ஒன்றும் மிஞ்சாது.

ஆசிரியர்கள் இரண்டு பேர் போதும், ஆனால் அதில் ஒருவர் சந்தேகப்படுபவராக இருக்கட்டும். அவர் சரி என்று சொன்னால்தான் மற்றவர்கள் நம்புவார்கள்.

படி 4: மின்சாரம், நெட்

லோட் ஷெடிங், அதாவது முறை வைத்து மின்சாரத்தை நிறுத்துவது, 2023-இல் உச்சத்துக்குப் போய், 2024-இல் வெகுவாகக் குறைந்தது. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். கேபிள் திருட்டு இருக்கிறது, மழை வெள்ளம் இருக்கிறது. 2022 ஏப்ரல் வெள்ளத்தைப் பார்த்த ஊர் இது.

கணக்கு எளிது. மடிக்கணினி சார்ஜர் ஒன்று 65 வாட் என்றால் 20 கணினிக்கு 1,300 வாட். டேப்லெட் சார்ஜர் 10 முதல் 15 வாட், 20 டேப்லெட்டுக்கு அதிகபட்சம் 300 வாட்தான். எப்படியானாலும் ஒரு மல்டி பிளக்கில் இன்னொரு மல்டி பிளக்கைச் செருகிச் சங்கிலி போடாதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுப் பூட்டிய அறைக்குத் தனி லைன் இழுப்பது கொஞ்சம் செலவுதான், தீப்பிடிப்பதைவிட மலிவு.

நெட் விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன். கோலிப்ரி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. பாடக் காணொளிகளையும் பயிற்சிகளையும் ஒரு முறை இறக்கி ஒரு பழைய கணினியிலோ, ராஸ்பெர்ரி பை என்னும் உள்ளங்கை அளவுக் கணினியிலோ வைத்துவிட்டால், பிள்ளைகள் பள்ளி வைஃபை வழியாக அதைத் திறக்கலாம். டேட்டா ஒரு பைசா செலவாகாது. சியாவுலா என்னும் தென்னாப்பிரிக்கக் கல்வி நிறுவனத்தின் கணித, அறிவியல் புத்தகங்களும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன, இந்நாட்டுப் பாடத்திட்டத்துக்கென்றே எழுதியவை. ராஸ்பெர்ரி பையும் ரவுட்டரும் சேர்ந்து 20 வாட் இழுக்கும் என்று வையுங்கள். 12 வோல்ட், 7 ஆம்ப் மணி பேட்டரியில் 84 வாட் மணி இருக்கும். ஈய பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது, ஆகவே 42. இரண்டு மணி நேரம் ஓடும். வழக்கமான ஒரு லோட் ஷெடிங் இடைவெளிக்கு அது சரியாக இருக்கும்.

வீட்டு ரவுட்டர் ஒன்றில் 35 பிள்ளைகளை ஒரே நேரத்தில் ஏற்றாதீர்கள், திணறும். நான்கு பேருக்கு ஒரு கருவி என்று குழு பிரித்தால் இந்தப் பிரச்சினையும் பாதி தீரும், பேச்சும் நடக்கும்.

படி 5: பணம், பிறகு சாமான்

பள்ளியின் நிதியாண்டு ஜனவரி 1-இல் தொடங்கி டிசம்பர் 31-இல் முடிகிறது. அடுத்த ஆண்டு வரவுசெலவைப் பெற்றோர் பொதுக்கூட்டத்தில் வைத்து ஓட்டெடுக்க வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்பு போகணும், கூட்டத்துக்கு 14 நாள் முன்னதாகவே கணக்கைப் பெற்றோர் வந்து பார்க்கும்படி பள்ளியில் வைக்கணும். 1996-ஆம் ஆண்டின் தென்னாப்பிரிக்கப் பள்ளிகள் சட்டம் அப்படிச் சொல்கிறது. அக்டோபர் கடைசியில் கூட்டம் என்றால் செப்டம்பர் கடைசிக்குள் உங்கள் காகிதம் தயாராக இருக்க வேண்டும்.

விற்பனையாளர் "இப்போ எடுத்துக்குங்க, மாசாமாசம் கட்டுங்க" என்பார். எஸ்.ஜி.பி. தன் இஷ்டத்துக்குக் கடனோ ஓவர்டிராஃப்டோ வாங்க முடியாது. மாகாணக் கல்வி அமைச்சரின் எழுத்துபூர்வமான ஒப்புதல் வேண்டும். தவணை என்ற சொல் வரும் எந்தக் காகிதத்திலும் மாவட்டக் கல்வி அலுவலகத்தில் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

மீதிக்கு நம்மவர்களின் பழைய வழி இருக்கிறது. டர்பன் இருக்கும் நேட்டால் பகுதியில் இந்தியப் பள்ளிகள் பல, சமூகம் காசு சேர்த்து, அரசு மானியம் பெற்று எழுந்தவை. இன்றைக்கும் ஒரு பெரிய பானை பிரியாணி போட்டுப் பொட்டலம் பொட்டலமாக விற்றால் நல்ல பணம் சேரும். சேர்ந்ததை மூன்றாகப் பிரியுங்கள் என்பது என் கட்சி: ஒரு பங்கு கருவிக்கு, ஒரு பங்கு ஆசிரியர் பயிற்சிக்கும் மாற்று ஆசிரியருக்கும், ஒரு பங்கு பழுதுக்கும் பேட்டரிக்கும் பூட்டுக்கும். முழுப் பணத்தையும் கருவியில் போட்டால் இரண்டாம் ஆண்டில் உடைந்த திரைகள்தான் மிஞ்சும்.

படி 6: பூட்டும் கையெழுத்தும்

இரும்பு அலமாரி, ஒவ்வொரு கருவியின் மேலும் அழியாத பள்ளி எண், தினமும் எடுத்துத் திருப்பி வைக்கும்போது கையெழுத்துப் போட ஒரு நோட்டு. பள்ளிப் பெயர் போட்ட புது டேப்லெட்டைப் பிள்ளை கையில் வீட்டுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம். வழியில் பறிபோவது கருவி மட்டும் என்றால் பரவாயில்லை, பிள்ளைக்கு அடிபடும்.

போபியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் 2021 ஜூலையிலிருந்து முழுமையாக அமலில் இருக்கிறது. 18 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளையின் பெயர், படம், மதிப்பெண் எதையும் ஒரு செயலியில் ஏற்றப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஒரு பக்கப் படிவம் போதும்: எந்தச் செயலி, எந்தத் தகவல், யார் பார்ப்பார்கள், எப்போது அழிப்பீர்கள்.

படி 7: ஒரு டெர்ம் ஓட்டிப் பாருங்கள்

ஒரு வகுப்பு, இரண்டு ஆசிரியர்கள், ஒரு டெர்ம். அதே மடிக்கணினிகள் சனிக்கிழமை கோயில் மண்டபத்துத் தமிழ் வகுப்புக்கும் போகலாம், எஸ்.ஜி.பி. சம்மதித்தால். அங்கே பிள்ளைகள் வீட்டில் பாட்டியிடம் ஆடியில் மாரியம்மனுக்குக் கூழ் காய்ச்சுவது எப்படி என்று கேட்டுப் போனில் பதிவு செய்து வந்து, அதில் ஐந்து வரியைத் தமிழில் தட்டச்சு செய்யட்டும். வீட்டில் ஆங்கிலம் மட்டுமே பேசும் பிள்ளை "துழாவுறது" என்ற வார்த்தையைத் தட்டச்சு செய்யத் திணறும்போது நான்கு பேர் உதவிக்கு வருவார்கள்.

டெர்ம் முடிவில் பெற்றோர் கூட்டத்துக்கு ஒரே ஒரு பக்கம் தயார் செய்யுங்கள். ஆரம்பத்தில் அட்டவணையிலிருந்து தனியாக வரைபடம் வரையத் தெரிந்த பிள்ளைகள் எத்தனை, இப்போது எத்தனை. திட்டமிட்ட வகுப்புகளில் எத்தனை நடந்தன, நடக்காதவை ஏன் நடக்கவில்லை: மின்சாரமா, ஆசிரியர் விடுப்பா, பூட்டின் சாவியா. எத்தனை கருவி பழுது, சரிசெய்ய எவ்வளவு ஆனது. கூடவே பிள்ளைகள் எழுதிய தண்ணீர்க் கடிதத்தின் நகல், வால்வு மாற்றியிருந்தால் அதற்குப் பிறகு வந்த பில். அந்தப் பக்கத்தை எஸ்.ஜி.பி. தலைவர் வாசிக்க வேண்டாம், கிரேடு 7 பிள்ளைகள் இருவரை விட்டு வாசிக்கச் சொல்லுங்கள். கேள்வி கேட்கும் பெற்றோருக்கு அவர்களே பதில் சொல்லட்டும்.