அடுப்பில் ஏழுதான் குழம்பு, கையில் சாக்ஸ்: புத்தாண்டுக்கு ஒரு செய்முறை

ஜனவரி 1 நமக்கு மார்கழி 16 அல்லது 17. விடிகாலையில் சிமென்ட் தரையில் கால் வைத்தால் சில்லென்று ஏறுகிற நாட்கள். பொங்கலுக்கு இன்னும் இரண்டு வாரம். வாரத்துக்கு ஒரு சாக்ஸ் கையால் பின்னினால் போகிக்குள் ஒரு ஜோடி முடிந்துவிடும். இதை ஒட்டியே திருவாதிரையும் வரும். களியும், ஏழு காய் போடுகிற ஏழுதான் குழம்பும் எப்படியும் செய்தாக வேண்டும். சமையலையும் பின்னலையும் ஒரே பொழுதில் ஓட்டலாம். விதி ஒன்றுதான்: அடுப்பு எரியும்போது கணுக்காலுக்கு மேலே வரும் குழாய்ப் பகுதியை மட்டும் பின்னுங்கள். குதிகாலை அடுப்பு அணைத்த பிறகு தொடுங்கள்.

பின்னலின் அடிப்படையான நிட் (நேர்ப் பின்னல்), பர்ல் (எதிர்ப் பின்னல்) இரண்டும் கைவந்தவர்களுக்கான பதிவு இது. வட்டமாகப் பின்னிப் பழக்கம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

நூலும் ஊசியும்

தஞ்சாவூர், கும்பகோணம் கடைகளில் 'உல்லன் நூல்' என்று கொடுப்பது பெரும்பாலும் அக்ரிலிக். முதல் ஜோடிக்கு அதுவே போதும். டிகே (DK) என்கிற நடுத்தரக் கனத்தில் 100 கிராம் வாங்குங்கள். பருத்தி நூல் வேண்டாம். அதற்கு இழுத்தால் திரும்பும் குணம் கிடையாது. இரண்டு நாளில் தொளதொளவென்று கணுக்காலில் இறங்கிவிடும். நீடித்து உழைக்க வேண்டுமென்றால் கம்பளியில் 20-25 சதவீதம் நைலான் கலந்த சாக்ஸ் நூலை ஆன்லைனில் வாங்கலாம். குதிகாலும் விரல் நுனியும் ஓட்டையாகாமல் காப்பது அந்த நைலான்தான்.

ஊசி, இரண்டு முனையும் கூரான 3 மி.மீ. ஊசி, ஐந்து கொண்ட செட். மூங்கில் வாங்குங்கள். அலுமினியம் வழுக்கும், புதுக் கை கொஞ்சம் அசந்தால் ஒரு ஊசியில் உள்ள கண்ணி (பின்னல் வளையம்) முழுக்க நழுவித் தரையில் விழும். சுற்று தொடங்கும் இடத்தை அடையாளம் வைக்க ஒரு ஊக்கு போதும்.

பாதத்தின் அகலமான இடத்தில் சுற்றளவு 22 செ.மீ. என்று வைத்துக்கொண்டு இந்தக் கணக்கு. சாக்ஸ் அதைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைவாக, 20 செ.மீ. இருந்தால்தான் பிடித்து நிற்கும். 10 செ.மீ.க்கு 24 கண்ணி விழ வேண்டும், மொத்தம் 48. சுற்றளவு 24 செ.மீ. என்றால் கண்ணிக் கணக்கை மாற்றாதீர்கள், 3.25 மி.மீ. ஊசிக்குப் போங்கள்.

முதலில் குழம்பை ஏற்றுங்கள்

ஆறு பேருக்கு முக்கால் கிலோ காய்: பச்சை மொச்சை, சேனை, வாழைக்காய், அவரைக்காய், சர்க்கரைவள்ளி, பறங்கி, வெள்ளைப்பூசணி. பீன்ஸ், கேரட் எல்லாம் சேர்த்தால் அது சாம்பார். துவரம்பருப்பு 100 கிராமைத் தனியாகக் குழைய வேகவிடுங்கள். எலுமிச்சை அளவு புளியை ஊறப்போடுங்கள்.

மொச்சை, சேனை, வாழைக்காயை மஞ்சள்தூள், உப்பு சேர்த்த தண்ணீரில் முதலில் போடுங்கள். பத்து நிமிடம் கழித்து அவரையும் சர்க்கரைவள்ளியும், கடைசியில் பறங்கியும் பூசணியும். எல்லாம் முக்கால் பதம் வெந்த பிறகே புளிக்கரைசல். முன்னாலேயே ஊற்றினால் புளிப்பில் காய் விறைத்துக்கொள்ளும். மொச்சை அரை மணி நேரம் கொதித்தாலும் நறுக் நறுக் என்றுதான் இருக்கும்.

தனியா 2 மேசைக்கரண்டி, கடலைப்பருப்பு 1 மேசைக்கரண்டி, வற்றல் மிளகாய் 8, வெந்தயம் கால் தேக்கரண்டி, இவற்றை எண்ணெயில் வறுத்து, அரை கப் தேங்காய்த் துருவலோடு அரைத்து வையுங்கள். புளியின் பச்சை வாசனை போனதும் பருப்பையும் விழுதையும் கலந்து பத்து நிமிடம். கடைசியில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளிப்பு.

காய் வேகத் தொடங்கியதிலிருந்து முக்கால் மணி நேரம் ஆகும். நடுநடுவே கிளறுவதைத் தவிர வேலை இல்லை. அந்த நேரம் சாக்ஸுக்கு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நூலைத் தொடுங்கள். மஞ்சள் பட்டால் போகவே போகாது. உட்காரும் இடம் அடுப்பிலிருந்து தள்ளி இருக்கட்டும், அக்ரிலிக் சூட்டில் உருகும்.

குழாய்

48 கண்ணி ஏற்றுங்கள், தளர்வாக. இரண்டு ஊசியைச் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒன்றை உருவிக்கொண்டால் தளர்வு தானாக வரும். இறுக ஏற்றினால் சாக்ஸ் குதிகாலைத் தாண்டி ஏறாது. நான்கு ஊசியில் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரித்து, அடிவிளிம்பு எங்கும் முறுக்கிக்கொள்ளாமல் உள்பக்கம் பார்க்கிறதா என்று கண்ணால் பார்த்த பிறகு வட்டமாக இணையுங்கள். முறுக்கோடு இணைத்ததைப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை.

2 நிட், 2 பர்ல் என்று 4 செ.மீ. அதன்பின் வெறும் நிட், 12 செ.மீ. ஊசி மாறும் இடத்தில் ஏணிப்படி மாதிரி இடைவெளி விழும். முதல் கண்ணியை இறுக்கினால் போகாது. இரண்டாவது கண்ணியைப் பின்னிய பிறகு நூலை ஒரு சுண்டு சுண்டுங்கள்.

குதிகால் (அடுப்பை அணைத்தாயிற்றா?)

முதல் இரண்டு ஊசியின் 24 கண்ணியையும் ஒரே ஊசிக்குக் கொண்டுவாருங்கள். மற்ற 24 சும்மா காத்திருக்கும். இனி வட்டம் இல்லை, போய்த் திரும்பும் வரிசை.

நேர்ப்பக்கம்: ஒன்றைப் பின்னாமல் வலது ஊசிக்கு மாற்று, ஒரு நிட், இதையே கடைசி வரை. பின்பக்கம்: முதலாவதை மாற்றி, மீதி எல்லாம் பர்ல். மொத்தம் 24 வரிசை. இரு ஓரமும் சங்கிலி போலப் பன்னிரண்டு வளையம் தெரிய வேண்டும்.

அடுத்ததுதான் எல்லோரையும் கவிழ்க்கும் இடம். வரிசை முடியாமலே பாதியில் திரும்பச் சொல்வதால், தப்புச் செய்துவிட்டோம் என்று நினைத்து முழு வரிசையும் பின்னிவிடுவார்கள். பாதியில் திரும்புவதுதான் குழிவை உண்டாக்குகிறது.

வரிசை 1: ஒன்றை மாற்று, 12 நிட், ஒரு சாய்வு இரட்டை, 1 நிட். திரும்பு. 8 கண்ணி பின்னாமல் மிஞ்சும். (சாய்வு இரட்டை என்பது, இரண்டு கண்ணியை ஒவ்வொன்றாக நிட் போல வலது ஊசிக்கு மாற்றி, இடது ஊசியை அவற்றின் முன்பக்கம் நுழைத்து இரண்டையும் சேர்த்துப் பின்னுவது.)
வரிசை 2: ஒன்றை மாற்று, 3 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், 1 பர்ல். திரும்பு. இந்தப் பக்கமும் 8 மிஞ்சும்.
வரிசை 3: ஒன்றை மாற்று, 4 நிட், சாய்வு இரட்டை, 1 நிட். திரும்பு.
வரிசை 4: ஒன்றை மாற்று, 5 பர்ல், இரண்டைச் சேர்த்து ஒரு பர்ல், 1 பர்ல். திரும்பு.

நடு எண்ணிக்கை 6, 7, 8, 9, 10, 11 என்று ஏறிக்கொண்டே போகும். எண்ணவே வேண்டாம்: திரும்பிய இடத்தில் கண்ணிகளுக்கு நடுவே ஒரு சந்து தெரியும். சந்துக்கு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. அந்த இரண்டைத்தான் சேர்க்க வேண்டும். பத்தாவது வரிசை முடிவில் 14 கண்ணி இருந்தால் சரி. 15 என்றால் எங்கோ ஒரு சந்தைத் தாண்டிவிட்டீர்கள்.

மறுபடி வட்டம்

14 நிட். ஓரச் சங்கிலியிலிருந்து 12 கண்ணி எடுத்து, மூலையில் கூடுதலாக ஒன்று. காத்திருந்த 24ஐப் பின்னி, மறு மூலையில் ஒன்று, ஓரத்தில் 12. மொத்தம் 64. பிறகு குதிகாலின் 7 கண்ணியைப் பின்னி நிறுத்தினால் சுற்றின் புதுத் தொடக்கம் உள்ளங்காலின் நடுவில் வரும். ஊசிகளில் 20, 12, 12, 20. அந்த மூலைக் கண்ணிகளைப் பலர் வேண்டாத வேலை என்று விட்டுவிடுகிறார்கள். விட்டால் கணுக்காலுக்குக் கீழே இரு பக்கமும் ஓட்டை விழும். எடுத்த கண்ணிகளை முதல் சுற்றில் கண்ணியின் பின்பக்க நூல் வழியாகப் பின்னுங்கள், இன்னும் இறுகும்.

ஒரு சுற்று விட்டு ஒரு சுற்று குறையுங்கள்: முதல் ஊசியில் கடைசி மூன்று இருக்கும்போது இரண்டைச் சேர்த்து ஒரு நிட், பின் 1 நிட், நான்காம் ஊசியில் 1 நிட், சாய்வு இரட்டை. எட்டு முறை செய்தால் 48க்கு வந்துவிடும்.

பாதத்தின் நீளம் 24 செ.மீ. என்றால், குதிகாலின் பின்புறத்திலிருந்து 19 செ.மீ. ஆனதும் விரல் பகுதி. முதல், மூன்றாம் ஊசியின் கடைசியிலும், இரண்டாம், நான்காம் ஊசியின் தொடக்கத்திலும் அதே முறையில் குறையுங்கள். ஒரு சுற்று விட்டு ஒரு சுற்றாக ஆறு முறை, பிறகு சுற்றுதோறும் இரண்டு முறை. 16 கண்ணி மிஞ்சும். முதல் ஊசியின் 4ஐப் பின்னி, எட்டெட்டாக இரண்டு ஊசியில் வைத்து, 30 செ.மீ. நூல் விட்டு வெட்டி, கம்பளி ஊசியில் கோத்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டு ஊசிக் கண்ணிகளையும் தைத்து இணைத்து விரல் நுனியை மூட வேண்டும். தொடக்கத்தில் மட்டும் முன் ஊசிக் கண்ணியில் பர்ல் போலவும், பின் ஊசிக் கண்ணியில் நிட் போலவும் நுழைத்து, கண்ணியை ஊசியிலேயே விடுங்கள். பிறகு இந்த நான்கையே வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு செய்யுங்கள்: முன்னே நிட், இறக்கு, பர்ல், விடு. பின்னே பர்ல், இறக்கு, நிட், விடு. (இறக்கு என்றால் கண்ணியை ஊசியிலிருந்து கழற்றுவது, விடு என்றால் ஊசியிலேயே விட்டுவைப்பது.)

பிற்சேர்க்கை: களி கட்டி தட்டுகிறது, அரிசி வேகவில்லை

இதையே பலர் கேட்டதால். ஒரு கப் பச்சரிசியைப் பொன்னிறமாக வறுத்து ரவையாக உடைக்கிறோம். அதை நேரே வெல்லப்பாகில் கொட்டினால் அரிசி வேகாது, இனிப்பு தடுத்துவிடும். இரண்டரை கப் தண்ணீரைக் கொதிக்கவைத்து, வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த 2 மேசைக்கரண்டி பாசிப்பருப்பைப் போட்டு, தீயைக் குறைத்து, ரவையைத் தூவிக்கொண்டே கிளறி மூடுங்கள். விரலில் நசுக்கினால் நசுங்க வேண்டும். அதன்பிறகே அரை கப் தண்ணீரில் கரைத்து வடிகட்டிய ஒன்றரை கப் வெல்லம், தேங்காய், ஏலம், நெய்.

களி கிளறும்போது ஊசியைத் தொடவே வேண்டாம், குழாய்ப் பகுதியானாலும். வெல்லப் பிசுக்கு நூலில் ஏறினால் மூங்கில் ஊசியே நகராது.