நேப்பிள்ஸ் வீட்டில் கிறிஸ்துமஸ் விருந்து: முதல்முறை போகிறவர்களுக்கு

தென் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் டிசம்பர் 24 இரவு விருந்துக்கு 'விஜிலியா' என்று பெயர். கத்தோலிக்க வழக்கப்படி அன்று இறைச்சி கிடையாது, மீன்தான். எட்டரை மணிவாக்கில் உட்கார்ந்தால் நள்ளிரவு வரை நீளும். வெளிநாட்டு விருந்தினர் பலர் பாஸ்தாவையே முழுச் சாப்பாடு என்று நினைத்து வயிற்றை நிரப்பிவிடுகிறார்கள். அதற்குப் பிறகுதான் முக்கியமான மீன்கள் வரும்.

1. ஒரு வாரம் முன்பே சொல்லுங்கள்

சைவர்கள் "நான் சைவம்" என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், நெத்திலி, பன்றிக் கொழுப்பு என்று ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 'இன்சலாத்தா டி ரின்ஃபோர்சோ' என்ற காலிஃபிளவர் சாலட்டில் நெத்திலி இருக்கும். அதை முன்கூட்டியே கலந்து வைத்துவிடுவதால் கடைசி நேரத்தில் சொல்லிப் பயனில்லை. ஸ்ட்ருஃபோலி என்ற இனிப்பில் முட்டை உண்டு. சில வீடுகளில் பன்றிக் கொழுப்பும் மதுவும் சேரும். பூண்டும் ஆலிவ் எண்ணெயும் போட்ட ஸ்பகெட்டி போதும் என்று நீங்களே சொல்லிவிட்டால் வீட்டுக்காரருக்கு நிம்மதி. அது பத்து நிமிட வேலைதான்.

2. கையில் என்ன கொண்டுபோவது

ஒரு கிலோ பனெத்தோனே கேக் பெட்டி அல்லது ஒரு பாட்டில் ஒயின். சாமந்திப் பூ வேண்டவே வேண்டாம். நவம்பர் 2 அன்று கல்லறைக்குக் கொண்டுபோகும் பூ அது. கேட்காமல் எதையும் சமைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

3. மேஜையில்

வீட்டுக்காரர் தொடங்கும்வரை காத்திருங்கள். நம் ஊர்ப் பழக்கத்தில் இடது கையை மடியில் வைக்கத் தோன்றும். அங்கே இரண்டு மணிக்கட்டும் மேஜை விளிம்பில் தெரிய வேண்டும். முதலில் வரும் சிறு பண்டங்களில் வகைக்கு ஒரு துண்டு போதும்.

4. மட்டி ஸ்பகெட்டி

விருந்தின் உயிர் இதுதான். தலைக்கு 80 முதல் 100 கிராம் பாஸ்தா, ஓட்டோடு மட்டி, பூண்டு, ஆலிவ் எண்ணெய்.

முள்கரண்டியில் நான்கைந்து இழை மட்டும் எடுத்து, தட்டின் ஓரத்தில் நுனியை ஊன்றிச் சுழற்றுங்கள். நிறைய இழைகளை அள்ளினால் உருண்டை வாய்க்குள் போகாது, எண்ணெய் சட்டையில் தெறிக்கும். கத்தியால் நறுக்கக் கூடாது. நறுக்கிய இழை முள்கரண்டியில் சுற்றாது. மட்டி ஓட்டை விரலால் பிடித்துச் சதையை எடுக்கலாம், தவறில்லை. ஓடுகளைப் போடத் தனித் தட்டு வைத்திருப்பார்கள். வெந்தும் திறக்காத மட்டியை நெம்பித் திறக்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

சீஸ் கேட்காதீர்கள். அதன் அழுத்தமான ருசி மட்டியின் கடல் ருசியை அமுக்கிவிடும். தட்டில் தங்கிய சாற்றை ரொட்டித் துண்டால் வழித்துச் சாப்பிடலாம். சமைத்தவருக்கு அதைவிட நல்ல பாராட்டு இல்லை.

5. மீன்கள்

உப்பிட்டு ஊறவைத்த காட் மீன் பொரியலும் 'கப்பித்தோனே' என்ற பெரிய விலாங்கும் வரும். விலாங்குத் துண்டின் நடுவில் தண்டெலும்பு இருக்கும். சுற்றிக் கடித்துச் சாப்பிடுங்கள். தட்டு காலியானால் மறுபடி விழும். போதும் என்றால் கத்தியையும் முள்கரண்டியையும் அருகருகே இணையாக வைத்து, "பாஸ்தா கொசீ, கிராட்சியே" என்று சொல்லுங்கள். 'இவ்வளவு போதும், நன்றி' என்று பொருள்; இந்த 'பாஸ்தா' (basta) உணவல்ல, 'போதும்' என்ற சொல். ஒருமுறை சொன்னால் விடமாட்டார்கள், சிரித்தபடி மறுபடி சொல்லுங்கள்.

6. இனிப்பும் நள்ளிரவும்

தேனில் புரட்டிய ஸ்ட்ருஃபோலி, உலர் பழங்கள், பிறகு எஸ்பிரஸோ. இந்நேரத்தில் கேப்புச்சினோ கேட்காதீர்கள். பால் கலந்த காபி அவர்களுக்குக் காலை உணவு. பன்னிரண்டு மணிக்குக் குடிலில் குழந்தை இயேசுவை வைப்பார்கள், அதற்கு முன் கிளம்ப வேண்டாம். கோப்பையை உயர்த்தும்போது எதிரிலிருப்பவரின் கண்ணைப் பார்த்து "அவுகூரி" என்று வாழ்த்துங்கள்.

பெரும்பாலும் தோம்போலா விளையாட்டும் உண்டு, நம் ஊர் ஹவுசி போல எண்களைக் கூப்பிட்டு அட்டையில் குறிப்பது: 90 எண்கள், ஓர் அட்டையில் 15. பத்து, இருபது சென்ட் நாணயங்கள் கொஞ்சம் வைத்திருங்கள். ஒரே வரிசையில் இரண்டு எண் விழுந்ததும் "அம்போ!" என்று சத்தமாகச் சொல்லுங்கள்; முதலில் சொல்பவருக்குத்தான் பரிசு.