“புரிஞ்சுதா?” என்று கேட்டு முடித்துவிடாதீர்கள்

பலகையில் கோணல் எழுத்து, கடைசி பெஞ்சுக்கு எட்டாத குரல் எல்லாம் போகப்போகச் சரியாகிவிடும். புதிதாக வேலைக்குச் சேரும் ஆசிரியர்களிடம் வருடாவருடம் பார்ப்பது வேறு தவறுகள். நாங்களும் செய்தவைதான்.

கோரஸை நம்புவது

மணியடிக்க இரண்டு நிமிடம் இருக்கும்போது “புரிஞ்சுதா?” என்று கேட்கிறார்கள். முன்வரிசையில் நாலைந்து பேர் “புரிஞ்சுது மிஸ்!” என்று தொடங்க, மற்றவர்கள் கூடவே கத்துகிறார்கள். குறிப்பேட்டில் ‘பாடம் நன்றாகப் போனது’ என்று ஏறிவிடுகிறது. சென்னையில் மழை விடுமுறைகள் கழிந்து, அரையாண்டுத் தேர்வுக்குள் போர்ஷனை முடிக்க ஓடும் நாட்களில் இது இன்னும் மோசம். புரியாத பிள்ளை யார் என்பது விடைத்தாளைத் திருத்தும்போதுதான் தெரிகிறது. அதற்குள் மூன்று பாடம் தாண்டியிருக்கும். இதைப் பார்க்கும்போது இன்றும் எரிச்சல் வருகிறது.

கடைசி ஐந்து நிமிடத்தை ஒதுக்குங்கள். கால் தாளில் ஒரே ஒரு கணக்கு: 1/3 + 1/4. பெயர் எழுதி வாங்குங்கள், மதிப்பெண் போடாதீர்கள். போட்டால் பக்கத்துத் தாளைப் பார்ப்பார்கள். ஸ்டாஃப் ரூமில் மூன்று அடுக்காகப் பிரியுங்கள்: சரி, பாதி வழி, தவறு. நாற்பது தாளுக்குப் பத்து நிமிடம் போதும்.

தவறு அடுக்கில் பெரும்பாலும் 2/7 இருக்கும். மேலே மேலேயும் கீழே கீழேயும் கூட்டியிருப்பார்கள். உடனே விதியைத் திரும்பச் சொல்லாதீர்கள். 1/3 என்பது 2/6. 2/7 அதைவிடச் சிறியது. “கூட்டினோமே, எப்படிக் குறைஞ்சுது?” என்று கேளுங்கள். பிறகு ஒரு காகிதப் பட்டையைப் பன்னிரண்டாக மடித்து, நாலும் மூன்றும் சேர்ந்து ஏழு கட்டம் என்று காட்டுங்கள். மறுநாள் முதல் பத்து நிமிடம் இதற்குத்தான்.

கேள்வி கேட்டுவிட்டு நாமே பதில் சொல்வது

அமெரிக்க வகுப்பறைகளை 1970களில் ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருப்பதைக் கண்டார். மூன்று நொடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. மனதுக்குள் மூன்று எண்ணுங்கள்.

வாரக் கடைசியில் மொத்தமாகக் குறிப்பு எழுதுவது

வேண்டாம். அன்றே, மூன்று வரி.

நம் வகுப்பைப் பார்க்க வந்த சக ஆசிரியரிடம் “கிளாஸ் எப்படி இருந்தது?” என்று கேட்பது

“நல்லா இருந்துது” என்பார், வேறென்ன சொல்வார்? வகுப்பின் இருக்கை வரைபடத்தைக் கொடுத்து, பதில் சொல்லும் பிள்ளையின் இடத்தில் ஒவ்வொரு முறையும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். கோடே விழாத இடங்களில் இருந்து மறுநாள் கேள்வியைத் தொடங்குங்கள்.