பழைய அன்சிப்பைப் புது லினக்ஸில் கட்ட ஒரு வழி

2009-இல் வந்த அன்சிப் 6.0 (ஜிப் கோப்புகளைத் திறக்கும் நிரல்) போன்ற பழைய சி நிரலைப் புது லினக்ஸுக்குப் பொதியாக்கும்போது பில்டு நின்றுபோனால், நிரலில் கை வைக்குமுன் கம்பைலரைப் பழைய சி மொழித் தரத்துக்கு மாற்றிப் பாருங்கள். பில்டை ஓட்டும் மேக் கட்டளையில், எந்தக் கம்பைலர் என்று சொல்லும் சிசி என்ற மாறிக்கு ஜிசிசி (குனு சி கம்பைலர்) என்று மட்டும் கொடுக்காமல், தரத்தைக் குறிக்கும் எஸ்டிடி தெரிவில் குனு89 (1989 சி தரத்தின் குனு வடிவம்) என்பதையும் சேர்த்துக் கொடுத்தால் போதும். கம்பைலர் தெரிவுகளுக்கான சிஃபிளாக்ஸ் மாறியில் போடுவதைவிட இதுவே நல்லது. பில்டுக்கு முன் கணினியைச் சோதிக்கும் குட்டி நிரல்களுக்கும் அதே தரம் கட்டாயம் போய்ச் சேரும்.

பில்டு நிற்பதற்குக் காரணம் இதுதான்: அறிவிக்காத ஃபங்ஷனை அழைப்பதை 2024-இல் வந்த ஜிசிசி 14 பிழையாக நிறுத்திவிடுகிறது. அன்சிப்பின் கான்ஃபிகர் என்ற ஸ்கிரிப்ட், தலைப்புக் கோப்பே (ஃபங்ஷன் அறிவிப்புகள் இருக்கும் கோப்பு) இல்லாத குட்டி நிரல்களைக் கம்பைல் செய்துதான் கணினியில் என்ன வசதி இருக்கிறது என்று பார்க்கும். அது தோற்றதும், கோப்புறை படிக்கும் வசதியே இல்லை என்று முடிவுகட்டிவிடும். வருகிற பிழைச்செய்தி வேறெங்கோ காட்டும், அங்கே தேடிப் பயனில்லை.

நிரலில் சி99 பாணி இருந்தால், அதாவது ஃபார் லூப்புக்குள்ளேயே மாறியை அறிவித்திருந்தால், இது உதவாது. அறிவிக்காத ஃபங்ஷன் பாயிண்டரை (நினைவக முகவரியை) திருப்பித் தருவதாக இருந்தாலும் வேண்டாம்: பில்டு ஆகும், ஆனால் 64 பிட் கணினியில் முகவரி பாதியாக வெட்டுப்பட்டு ஓடும்போது விழும். அங்கே தலைப்புக் கோப்பைச் சேர்ப்பதுதான் வழி. திருப்பூர் பனியன் கம்பெனியின் பழைய கணக்கு ஜிப்பைத் திறக்கப் போகிற பொதி என்றால், கம்பைலர் எச்சரிக்கைகளை ஒருமுறை முழுக்கப் படித்துவிட்டுக் கொடுங்க.