பாஸ்டர், சாவிக்கொத்தைக் கொஞ்சம் பிரித்துக் கொடுங்கள்

ஞாயிறு ஆராதனை முடிந்து மைக் வயரைச் சுருட்டுவதும் நீங்கள், காணிக்கை எண்ணுவதும் நீங்கள், அப்புறம் மதுரை வெயிலில் பைக்கை எடுத்துக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்கு நோயாளியைப் பார்க்க ஓடுவதும் நீங்கள்தான் என்றால், பைபிளில் யாத்திராகமம் 18-ஆம் அதிகாரத்தை இன்னொரு முறை படியுங்கள். காலையிலிருந்து சாயங்காலம்வரை மோசே ஒருவரே வழக்கு கேட்பதைப் பார்த்த மாமனார் எத்திரோ, ஆயிரம், நூறு, ஐம்பது, பத்துப் பேருக்கெல்லாம் தலைவர்களை வைக்கச் சொன்னார்.

நீங்கள் பத்தில் தொடங்குங்கள். காணிக்கை எண்ண இரண்டு பேர், இருவரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்கள் வீட்டு ஆள் அதில் வேண்டாம் (இதில் மட்டும் தாட்சண்யமே பார்க்காதீர்கள்). செல்லூர்ப் பக்கம் நடக்கும் வீட்டு ஜெபத்தை ஒரு இளைஞரிடம் கொடுத்தால் முதல் வாரம் சொதப்புவார். சரி, சொதப்பட்டும். நடுவில் எழுந்து திருத்தாமல் பாயில் கடைசியாக உட்கார்ந்திருங்கள், சொல்ல வேண்டியதை மறுநாள் டீக்கடையில் தனியாகச் சொல்லுங்கள்.