பழைய ஓடிஜியைக் காப்பிக்கொட்டை வறுக்கும் எந்திரமாக்குவது எப்படி

கோழியைக் குத்திச் சுற்றும் ரோட்டிசெரிக் கம்பி வைத்த ஓடிஜியில் (ஓவன், டோஸ்டர், கிரில் மூன்றும் சேர்ந்த மின்சார அடுப்பு) அந்தக் கம்பியைச் சுற்ற ஒரு குட்டி மோட்டார் இருக்கும். கோழி சுட அது போதும், காப்பிக்கொட்டைக்கு உதவாது. நிமிடத்துக்கு மூன்று நான்கு சுற்றுதான் வரும். அந்த வேகத்தில் கொட்டை புரளாது, கம்பியில் மாட்டிய டிரம்மின் அடியில் ஒரே குவியலாக வழுக்கிக்கொண்டு கிடக்கும். தகட்டைத் தொட்ட பக்கம் கருகும், நடுவில் இருப்பது பச்சையாகவே நிற்கும். வீட்டில் செய்யும் ரோஸ்டர்கள் சொதப்புவது பெரும்பாலும் சூடு போதாமல் இல்லை, சுழற்சி போதாமல்தான். ஆகவே அந்த மோட்டாரைக் கழற்றிவிட்டு, கார் வைப்பர் மோட்டாரைப் பொருத்துவதுதான் இங்கே முக்கிய வேலை.

வீட்டில் கிடக்கும் டேபிள்டாப் கிரைண்டரைப் பார்த்து ஆசை வரும். வேண்டாம். அது வேகமாகச் சுற்றுவதால் கொட்டை முழுக்கச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மைக்ரோவேவின் தட்டு மோட்டாரோ ரோட்டிசெரி மோட்டாரைப் போலவே மந்தம்.

ஓடிஜி 28 லிட்டருக்குக் குறையாமல், 1500 வாட் அளவில் இருக்கட்டும். பெங்களூர் சிவாஜிநகரின் குஜரிக் (பழைய சாமான்) கடைகளிலோ, வீடு காலி செய்பவர்களிடமோ வாங்கும்போது ஐந்து நிமிடம் ஓட விட்டுப் பாருங்கள். மேலே இரண்டு, கீழே இரண்டு என நான்கு ஹீட்டர் கம்பிகளும் சிவக்க வேண்டும். மேல் கம்பி மட்டும், கீழ்க் கம்பி மட்டும், இரண்டும் என்று மாற்றும் குமிழ் வேலை செய்ய வேண்டும், அது பின்னால் மிகவும் தேவைப்படும். ரோட்டிசெரிக் கம்பியும் அதன் இரண்டு முள்கரண்டிப் பிடிகளும் கூட வருகிறதா என்று கேட்டு வாங்குங்கள். பிளக்கில் எர்த் பின் உடைந்திருந்தால் மாற்றிய பிறகே மற்ற வேலை.

டிரம்முக்கு, ஓட்டை போட்ட எவர்சில்வர் ஸ்பூன் ஸ்டாண்டு இரண்டு. குறுக்களவு 11 செ.மீ., உயரம் 12 செ.மீ. வாக்கில் இருந்தால் சரி. ஓட்டை 3 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது. பாத்திரக் கடைக்குப் போகும்போது பையில் ஒரு பிடி பீபெரி (உருண்டையான சிறு காப்பிக்கொட்டை) கொண்டு போய், ஸ்டாண்டுக்குள் போட்டுக் குலுக்கிப் பாருங்கள். ஒன்று வெளியே வந்தாலும் அந்த ஸ்டாண்டு வேண்டாம். கோழிக்கூண்டுக்கு அடிக்கும் ஜி.ஐ. வலையை யாராவது சிபாரிசு செய்வார்கள், கேட்காதீர்கள். அதன் துத்தநாகப் பூச்சு 200 டிகிரிக்கு மேல் தாங்காது. நான்ஸ்டிக், பெயின்ட் அடித்தவை, குரோம் முலாம் பூசிய இரும்பு எதுவும் ஆகாது.

இரண்டு ஸ்டாண்டுகளையும் வாயோடு வாய் வைத்தால் 24 செ.மீ. நீள டிரம் கிடைக்கும். இணையும் இடத்தில் கொட்டை நழுவாமல் இருக்க, 2 செ.மீ. அகல எவர்சில்வர் பட்டையை வளையமாக வளைத்து ஒரு பாதியின் உள்விளிம்பில் ரிவிட் அடியுங்கள். மற்ற பாதி அதன்மேல் செருகிக்கொள்ளும். இரண்டு அடித்தட்டுகளின் நடுவிலும் ரோட்டிசெரிக் கம்பி நுழையும் சதுர ஓட்டை. அந்த ஓட்டை நடுவை விட்டு இரண்டு மி.மீ. விலகினாலும் டிரம் தள்ளாடும், ஆகவே பேப்பரில் வட்டம் வரைந்து, நடுவைக் குறித்து, ஒட்டிவிட்டுத் துளையிடுங்கள். முள்கரண்டிப் பிடியின் முனைகள் நுழைய அடித்தட்டில் பக்கவாட்டிலும் இரண்டு துளை வேண்டும். அந்த முனைகள்தான் டிரம்மைச் சுற்ற வைக்கும். பிடியின் திருகை மட்டும் நம்பினால், சூட்டில் அது தளர்ந்து கம்பி சுற்றும், டிரம் நிற்கும்.

உள்ளே தகட்டுத் துடுப்புகள் இல்லாமல் எந்த வேகமும் பயன்படாது. ஒவ்வொரு பாதியிலும் இரண்டு, 1.5 செ.மீ. உயரம், நீளவாட்டில் சற்றே சாய்த்து. ஒன்று இடப்பக்கம் தள்ளினால் அடுத்தது வலப்பக்கம் தள்ளும்படி சாய்வை மாற்றிப் போடுங்கள். எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால் கொட்டை ஒரு மூலையில் போய்க் குவியும்.

வைப்பர் மோட்டாருக்கு ஜே.சி. ரோடு. சின்னக் காரின் பழைய 12 வோல்ட் மோட்டார் போதும். மின்சாரத்துக்கு, தூக்கிப் போட்ட டெஸ்க்டாப் கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை பெட்டி). வீட்டில் இல்லையென்றால் எஸ்.பி. ரோட்டில் கிடைக்கும். அதன் பெரிய கனெக்டரில் பச்சை ஒயரை ஏதாவது ஒரு கறுப்பு ஒயரோடு சேர்த்தால் ஆன் ஆகும். மஞ்சள் 12 வோல்ட், கறுப்பு நெகட்டிவ். சில எஸ்எம்பிஎஸ் லோடு இல்லாமல் ஆன் ஆகாது, அதற்கு ஒரு பழைய ஹார்டு டிஸ்க்கைச் செருகி வையுங்கள். எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் உதைக்கும்.

மோட்டாரில் ஒயர் நிறங்கள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பல மோட்டார்களில் பாடியே நெகட்டிவ். கறுப்பைப் பாடியில் வைத்து, மஞ்சளை ஒவ்வொரு ஒயரிலும் தொட்டுப் பாருங்கள். ஒன்றில் மெதுவாகவும் ஒன்றில் வேகமாகவும் சுற்றும். இன்னொன்றில் சற்று ஓடி ஒரே இடத்தில் வந்து நின்றால் அது பார்க்கிங் ஒயர், டேப் சுற்றி விட்டுவிடுங்கள். மெதுவானதை எடுத்துக்கொள்ளுங்கள். ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு எண்ணினால், 15 விநாடியில் 11 முதல் 13 சுற்று வர வேண்டும்.

ஓடிஜியின் சிறு மோட்டாரைக் கழற்றிய துளை வழியாகத்தான் புது இணைப்பு போகும். லேத் பட்டறையில் ஒரு ஸ்லீவ் கடையச் சொல்லுங்கள். ஒரு முனை வைப்பர் ஷாஃப்டுக்கு, மறுமுனை ரோட்டிசெரிக் கம்பியின் சதுர முனைக்கு. ஷாஃப்ட் பக்கம் மரையை மட்டும் நம்பாமல் குறுக்கே ஒரு பின் அடிக்க வேண்டும், இல்லையென்றால் சுற்றும் திசையைப் பொறுத்து மரை தானாகவே கழன்றுவிடும். மோட்டார் ஓடிஜியின் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி, அலுமினிய ஆங்கிளில் நிற்கட்டும். கம்பி வழியாக வரும் சூடு மோட்டாருக்குள் இருக்கும் கிரீஸை இளக்கிவிடும். டிரம்முக்கும் கீழ்க் கம்பிகளுக்கும் இடையே 3 செ.மீ. இடைவெளி இருக்கிறதா என்று கையால் சுற்றிப் பாருங்கள்.

ஓடிஜியின் தெர்மோஸ்டாட்டை பைபாஸ் செய்தால் சூடு கூடும் என்று சொல்பவர்கள் உண்டு. செய்யாதீர்கள். தீயைத் தடுக்க அந்தப் பெட்டிக்குள் இருப்பது அது ஒன்றுதான்.

இனி மின்சாரம். 1500 வாட் என்றால் ஆறரை ஆம்பியர், ஆகவே ஹீட்டருக்கு 16 ஆம்பியர் பவர் சாக்கெட். மோட்டாரின் எஸ்எம்பிஎஸ்ஸை வேறு சாக்கெட்டில், வீட்டு யுபிஎஸ் லைனில் போடுங்கள். வறுவலின் நடுவில் கரண்ட் போனால் ஹீட்டர் அணையும், ஆனால் டிரம் நிற்கக்கூடாது. 200 டிகிரியில் நின்ற டிரம்மில் கொட்டை ஒரு நிமிடத்திலேயே ஒருபக்கம் கருகும், வறுவல் முற்றிய நிலையில் என்றால் தீப்பிடிக்கவும் கூடும்.

டிரம்மை சோப்புப் போட்டுக் கழுவி, வெறுமனே 250 டிகிரியில் அரை மணி நேரம் ஓட விட்டு, பட்டறை எண்ணெயெல்லாம் புகைந்து போன பிறகே முதல் வறுவல்.

தெர்மாமீட்டருக்கு, வெப்பநிலை பார்க்கும் மல்டிமீட்டரும் அதில் செருகும் கே டைப் கம்பியும் (சூட்டை உணரும் கம்பி) போதும். கொதிக்கும் தண்ணீரில் விட்டுச் சரிபார்க்கும்போது 97 காட்டினால் மீட்டர் சரி. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல், இங்கே தண்ணீர் 100க்கு முன்பே கொதித்துவிடும். இந்தக் கம்பி டிரம்முக்கு வெளியே இருக்கும் காற்றைத்தான் அளக்கும், கொட்டையின் சூடு அதைவிடக் குறைவு. கொட்டையின் பதத்துக்குக் காதும் மூக்கும்தான் மீட்டர்.

பச்சைக்கொட்டை மல்லேஸ்வரம், காந்தி பஜார் பக்கம் வறுத்து அரைத்துத் தரும் கடைகளில் கேட்டால் கிடைக்கும். பிளான்டேஷன் ஏ என்ற தரம் பழகுவதற்கு நல்லது, அளவு சீராக இருக்கும். பீபெரி உருண்டை என்பதால் டிரம்மில் அழகாகப் புரளும், ஆனால் அதைத் தனியாக வறுத்துப் பிறகு கலக்க வேண்டும். ஒன்றாகப் போட்டால் இரண்டும் ஒரே நேரத்தில் பதத்துக்கு வராது.

ஒரு ஈடு 200 கிராம், அதற்கு மேல் வேண்டாம். கொட்டை வறுபடும்போது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பருக்கும். ஓடிஜியைப் பத்து நிமிடம் முழுச் சூட்டில் வைத்து, டிரம்மை மாட்டி, முதலில் மோட்டாரை ஓட விட்டுக் கதவைச் சாத்துங்கள். முதல் ஐந்தாறு நிமிடம் பச்சைப்புல் வாடை. பிறகு கொட்டை மஞ்சளாகி, ரொட்டி சுடும் வாசனை வரும். 13 முதல் 17 நிமிடத்துக்குள் முதல் வெடிப்பு, கடுகு வெடிப்பதை விடக் கனமான சத்தம். அந்தச் சத்தம் மூன்று நான்கு கேட்டதும் குமிழைத் திருப்பிக் கீழ்க் கம்பிகளை அணையுங்கள். இந்தக் கட்டத்தில் கொட்டையே சூட்டை வெளிவிடத் தொடங்கும். முழுச் சூடும் தொடர்ந்தால் பதம் கையை மீறிப் போகும்.

ஃபில்டர் காப்பிக்கு முதல் வெடிப்பு அடங்கி, இரண்டாவது தொடங்கப் போகும் தருணத்துக்குச் சற்று முன்பே அணைத்து எடுக்க வேண்டும். கம்பிகளிலும் டிரம்மிலும் இருக்கும் மிச்சச் சூடு இன்னும் அரை நிமிடம் வறுக்கும். இரண்டாவது வெடிப்பு மெல்லியது, சருகு நொறுங்குவது போல் இருக்கும். அதைக் கேட்டு எடுப்பவருக்குக் கைக்கு வருவது எண்ணெய் கசியும் கறுப்புக்கொட்டை.

தடித்த தோல் கையுறை போட்டு டிரம்மை எடுத்து, ஒரு பக்கப் பிடியைத் தளர்த்தி, பெரிய இரும்புச் சல்லடையில் கொட்டுங்கள். மல்லாத்தி வைத்த டேபிள் ஃபேனின் மேல் சல்லடையைப் பிடித்துக் கிளறினால் நான்கு நிமிடத்துக்குள் ஆறிவிடும். தோல் பறக்கும், இதை பால்கனியில் செய்யுங்கள், கீழ் வீட்டுக்காரர் துணி காயப் போட்டிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு. ஆறியதும் எடை போடுங்கள். 200 கிராம் 170 ஆகியிருந்தால் ஃபில்டருக்கு ஏற்ற பதம். 175 என்றால் இளம் வறுவல், 162க்குக் கீழே போனால் கரி வாடை அடிக்கும்.

20 நிமிடம் தாண்டியும் வெடிக்கவில்லை என்றால் கொட்டை வறுபடவில்லை, அவிந்துகொண்டிருக்கிறது. நிறம் வரும், மணம் வராது, டிகாக்‌ஷன் சப்பென்று இருக்கும். முதலில் வோல்டேஜைப் பாருங்கள். 230 இருக்க வேண்டிய இடத்தில் 200 இருந்தால், 1500 வாட் ஹீட்டர் 1130 வாட்தான் தரும். மாலையில் வீட்டில் வோல்டேஜ் இறங்கும் என்றால் காலையில் வறுங்கள், அல்லது 150 கிராமாகக் குறையுங்கள். கதவு இடுக்கில் சூடு கசிந்தாலும் இதே கதைதான். மாறாக, கொட்டையின் நுனி மட்டும் கறுத்திருந்தால் ஆரம்பச் சூடு அதிகம், அடுத்த ஈட்டில் 230 டிகிரியில் தொடங்குங்கள். பாதி கறுப்பு, பாதி பழுப்பு என்று கலந்து வந்தால் துடுப்பையோ வேகத்தையோ சரிபார்க்க வேண்டும், சூட்டைத் தொடாதீர்கள்.

உதிரும் தோல் கீழ்க் கம்பியில் விழுந்து கனலும். கம்பிக்கு மேலே, டிரம்மில் படாமல், கூரை போல் மடித்த எவர்சில்வர் தகடு ஒன்றை வைத்தால் பெரும்பகுதி பக்கவாட்டில் சரிந்து தட்டில் விழும். ஒவ்வொரு ஈட்டுக்கும் பிறகு தட்டைக் காலி செய்யுங்கள். உள்ளே தீ தெரிந்தால் கதவைத் திறக்காதீர்கள். ஹீட்டர் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மூடியே வையுங்கள், காற்றில்லாமல் அணைந்துவிடும்.

வறுத்த கொட்டையை உடனே இறுக மூடினால் அதிலிருந்து வரும் வாயு டப்பாவை உப்ப வைக்கும். முதல் நாள் தளர்வாக மூடி வைத்து, மறுநாளுக்குப் பிறகு அரையுங்கள். சிக்கரி கலப்பவர்கள் அதை வறுத்த தூளாகவே வாங்கிக்கொள்ளுங்கள். இந்த டிரம்மில் போட்டால் துண்டுகள் நொறுங்கி ஓட்டை வழியே கம்பியில் விழுந்து, வெல்லப்பாகு மாதிரி பிடித்துக்கொள்ளும். அதைச் சுரண்டி எடுக்க ஓடிஜியையே பிரிக்க வேண்டியிருக்கும்.